பட்டைச் சூடு

மாவு பொங்கவில்லை.

சண்முகவடிவு அண்டாவின் மூடியை எடுத்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அரிக்கேன் விளக்கைத் தாழ்த்திப் பிடித்துப் பார்த்தாள். கரைத்து வைத்தபோது எங்கே நின்றதோ அங்கேயே நின்றது. மற்ற நாளென்றால் விடியும்போது மூடியை முட்டித் தள்ளி, ஓரத்தில் வழிந்து, அறை முழுக்கப் புளிப்பு வாசனை நிறைந்திருக்கும். விரலை விட்டாள். சில்லென்றிருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஆட்டுரலிலிருந்து வழித்தபோது என்ன ருசியோ அதே ருசி.

"உனக்கு என்னட்டி செய்யுது?" என்று மாவிடமே கேட்டாள்.

பிள்ளை இல்லாத வீடு. அந்த அண்டாதான் அவளுக்குப் பிள்ளை என்று பக்கத்து வீட்டு மர்யம் கேலி செய்வாள். ஆனால் வடிவு பேசாத பொருள் என்று எதுவும் கிடையாது. எதையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள். கல்யாணமாகித் தாராவிக்கு வந்த புதிதில், லோக்கல் ரயிலில் கதவை ஏன் சாத்துவதில்லை, மராத்திக்காரி சேலையை ஏன் பின்னால் கொண்டுபோய்ச் செருகுகிறாள், சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு குழாயடியில் ஏன் இத்தனை அடிதடி என்று கேட்டுக் கேட்டுப் புருஷனின் உயிரை எடுத்தாள். செல்லப்பாண்டி பாதிக்குப் பதில் சொல்வான். மீதிக்கு "பேசாம படு" என்பான். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அவனிடமிருந்து பாதிப் பதில்கூட வந்ததில்லை. பெண் கேட்டு வந்தபோது 'மாப்பிள்ளைக்குப் பம்பாயில் கம்பெனி வேலை' என்றார்கள். அவள் வந்து சேர்ந்தபோது கம்பெனியும் இல்லை, வேலையும் இல்லை. அவன் தலையில் இட்லிப் பானைதான் இருந்தது. எந்தக் கம்பெனி என்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவான்.

அந்த வருஷம், அறுபத்திரண்டில், பொங்கல் கழிந்ததும் பம்பாயில் குளிர் இறங்கியது. வழக்கமாக வரும் குளிர் அல்ல. நாற்பது வருஷமாக அங்கே இருக்கிறவர்களும் இப்படிப் பார்த்ததில்லை என்றார்கள். வடக்கத்திக்காரன் கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டான். நம் திருநெல்வேலிச் சனத்துக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. வெயிலை எப்படி ஏமாற்றுவது என்று பரம்பரையாகத் தெரிந்த கூட்டம் அது. குளிரை எங்கே வைத்துக் கும்பிடுவது என்று தெரியாது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, "என்ன ஓய், ஐஸ் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டுன மாதில்லா இருக்கு" என்று சந்துக்குச் சந்து சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

செல்லப்பாண்டியின் வீடு நாலு பக்கமும் தகரம், மேலேயும் தகரம். வெயில் காலத்தில் அடுப்பே வேண்டாம். இப்போது தகரத்தில் கை வைத்தால் உள்ளங்கை ஒட்டிக்கொள்ளும் போலிருந்தது.

பொங்காத மாவைக் கொட்டவா முடியும்? அவித்தாள். வெந்தது, ஆனால் உப்பவில்லை. செல்லப்பாண்டி டின்களில் அடுக்கி, சாக்கால் மூடித் தூக்கிக்கொண்டு கிளம்பினான். முன்பெல்லாம் தலையில் பானையோடு சயான், மாட்டுங்கா, செம்பூர் என்று தெருத்தெருவாக நடப்பான். போன வருஷம் மழையில் வலது முழங்கால் விட்டுப்போயிற்று. அன்றிலிருந்து தெரு வியாபாரம் இல்லை. டிராம்பேயில் ஒரு காண்டீன். காலை ஷிப்டு ஆட்களுக்கு அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் போதும், பஸ் இருக்கிறது. அந்த ஒரு காண்டீனை வைத்துத்தான் வீட்டில் உலை கொதித்தது.

பஸ் நிற்கிற ரோட்டுக்குப் போகக் கிட்டத்து வழி கரீம் பாட்சாவின் தோல் பதனிடும் பட்டறை வாசல். அந்த வழியாக அவன் போகமாட்டான். சாக்கடையைச் சுற்றிக்கொண்டு, நொண்டி நொண்டித்தான் போவான். கேட்டால், "அந்த நாத்தம் எனக்கு ஆவாது" என்பான். சாக்கடை மட்டும் மல்லிகையா மணக்கிறது என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

மத்தியானம் திரும்பி வந்தவன் டின்னைத் தொப்பென்று வைத்தான். பாதிக்கு மேல் மிச்சம்.

"என்ன சொன்னாரு?"

"என்ன சொல்லுவாரு? ஒரு இட்லிய எடுத்து மேசையில போட்டாரு. டக்குன்னு சத்தம். 'ஓய், இத கேரம் போர்டுல வச்சு அடிக்கலாமே'ங்காரு. சுத்தி நின்னவன்லாம் சிரிக்கான்."

காண்டீன் நடத்தும் அனந்தகிருஷ்ணன் நல்ல மனிதர்தான். ஆனால் எதையும் நாலு பேர் முன்னால்தான் சொல்லுவார்.

"அவ்ளோதானா?"

"அடுத்த வாரம் சனிக்கிழம வரைக்கும் பாப்பாராம். அன்னைக்கும் இப்பிடின்னா திங்கள்ல இருந்து வேற ஆளு." செல்லப்பாண்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே அவளைப் பார்த்தான். "உனக்குக் கைராசி போயிட்டு வடிவு."

சுருக்கென்றது. இட்லி மாவுக்குக் கைராசி வேண்டும் என்பதில் அவளுக்கும் சந்தேகம் கிடையாது. சில கை கரைத்தால் பொங்கும், சில கை கரைத்தால் படுத்துவிடும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் ஒரு கையின் ராசி ஒரே ராத்திரியில் எங்கே போகும்? போனதை எப்படித் தெரிந்துகொள்வது? மறுநாள் மாவரைத்து முடித்ததும் மர்யமைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி மர்யம், கையக் கழுவிட்டு வா. நீ கரை. நான் தொடல."

"என்னக்கா, சோதனையா?"

"ஆமா. என் கைக்குத்தான் சீக்கா, இல்ல மாவுக்குச் சீக்கான்னு பாத்துருவோம்."

மர்யம் முழங்கை வரை சுருட்டிவிட்டுக்கொண்டு உப்புப் போட்டுக் கரைத்தாள். மேலப்பாளையத்துப் பெண், நாலு தெருவுக்குக் கேட்கிற சிரிப்பு. விடிந்து இரண்டு பேரும் சேர்ந்து மூடியைத் திறந்தார்கள். ராத்திரி நின்ற அதே கோட்டில்தான் மாவு நின்றது.

"ரெண்டு பேர் ராசியும் சேர்ந்தா போச்சு?" என்றாள் வடிவு.

"ராசியும் இல்ல, மண்ணும் இல்ல. மாவுக்குக் குளிருதுக்கா. போர்வை வாங்கிக் குடு" என்று சொல்லிவிட்டு மர்யம் சிரித்தாள். வடிவும் சிரித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஊரில் மார்கழியில்கூட மாவு கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான். மாவுக்குக் குளிரும் என்று யாருக்குத் தோன்றும்? ஆனால் ஏன் குளிரக்கூடாது?

அன்றே ஜமக்காளத்தை எடுத்து அண்டாவைச் சுற்றிக் கட்டினாள். மேலே இரண்டு சாக்கு. விடிந்து பிரித்தால் உள்ளே முன்னைவிடச் சில்லென்றிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தாள். போர்வைக்குச் சொந்தச் சூடு ஏது? உள்ளே சூடு இருந்தால் பத்திரப்படுத்தும். குளிர் இருந்தால் அதையும் பத்திரப்படுத்தும். அப்படியானால் சூடு வெளியிலிருந்து வரவேண்டும். அண்டாவுக்கு அல்ல, அறைக்கே சூடு ஏற்ற வேண்டும்.

காசிம் ஒரு யோசனை சொன்னான். மர்யமின் புருஷன், கரீம் பாட்சா பட்டறையில் தோலைப் பட்டைத் தண்ணீரில் ஊறப்போடுகிற வேலை.

"செகடியில கரியப் போட்டு நடுவுல வைங்கக்கா. இங்க மார்வாடி வீட்ல எல்லாம் அப்பிடித்தான் குளிர் காயுதாங்க."

செகடி என்பது இரும்பு வாளிபோல இருக்கும் கரியடுப்பு. பொழுது சாயும்போது அதை நிறையக் கரி போட்டுக் கனிய வைத்து அறை நடுவில் வைத்தாள் வடிவு. சூடு வெளியே போய்விடக்கூடாதே என்று தகர இடுக்குகளில் எல்லாம் கந்தலைத் திணித்தாள். கதவைச் சாத்தி, அடியில் ஈரச்சாக்கை வைத்து அடைத்தாள். அறை நன்றாகச் சூடாகிவிட்டது. செல்லப்பாண்டி முழங்காலை நீட்டிக்கொண்டு, "இதில்லா வீடு" என்றான். கொஞ்ச நேரத்தில் அவனுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. அவளுக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. எழுந்து தண்ணீர் குடிக்கலாம் என்று நினைத்தாள். காலுக்கு எழுந்திருக்க மனமில்லை. ஏன் எழுந்திருக்க முடியவில்லை என்று யோசித்தாள். யோசனையும் நடுவில் நின்றுவிட்டது.

புடைக்க வாங்கிப்போன சொளகைத் திருப்பிக் கொடுக்க வந்த மர்யம் கதவைத் தட்டி, பதில் வராமல், காலால் உதைத்துத் திறந்தாள். உள்ளே அடித்த வெக்கையில் அவளுக்கே மூச்சு முட்டியது. முதலில் செகடியைச் சாக்கால் பிடித்து வெளியே இழுத்தாள். பிறகு செல்லப்பாண்டியின் கையைப் பிடித்து இழுத்தாள், பிறகு வடிவை. சந்தில் உட்கார்ந்து வடிவு வாந்தியெடுத்தாள்.

"கரிப்புகை கொன்னுரும்க்கா! கொஞ்சம் பிந்தியிருந்தா ரெண்டு பேரும் மௌத்து!" மர்யம் அழுதாள். கூடவே புருஷனைத் திட்டினாள். "மார்வாடி வீட்டுல ஜன்னல் இருக்கும்லா? அதச் சொன்னியா நீ?"

காசிம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வடிவு வாயைத் துடைத்துக்கொண்டு முதலில் கேட்டது, "மாவு என்ன ஆச்சு?" என்றுதான். செகடிப் பக்கமிருந்த மாவு தோசைபோல வெந்து ஒட்டியிருந்தது. மறுபக்கம் பச்சையாக நின்றது.

அடுத்து மண்ணெண்ணெய் ஸ்டவ். கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான். திறந்த கதவு வழியே சூடு போய்விட்டது, எண்ணெய் வாசனை மட்டும் மாவோடு தங்கிவிட்டது. காண்டீனில் அனந்தகிருஷ்ணன் ஒரு வாய் வைத்துவிட்டு, "இதைச் சாப்பிட்டுட்டு நீயே ஓடலாம் போலிருக்கே, பஸ் எதுக்கு?" என்றாராம். அதற்கும் நாலு பேர் சிரித்தார்களாம். பிறகு வெந்நீர்ப் பானைகளைச் சுற்றி அடுக்கிப் பார்த்தாள். படுக்கப் போகும் முன்னே ஆறிவிட்டன. வெந்நீர் போட்ட விறகுக்கு இன்னொரு நடை இட்லி அவித்திருக்கலாம். பட்டறை ஆபீசிலிருந்து கம்பி இழுத்து ஒரு பல்பு போட்டால் என்ன என்று காசிம் மெதுவாக ஆரம்பித்தான். மர்யம் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். அடுப்பெரித்து அறையைச் சூடாக்குவது பணக்காரன் வேலை என்று வடிவுக்குத் தெரிந்துபோயிற்று. இட்லியில் வருகிற காசு முழுக்க இட்லிக்குக் குளிர் காய்வதற்கே போய்விடும்.

புதன்கிழமை விடியற்காலை குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் குழாயடியில் குந்தியிருந்தாள். எதிரே கரீம் பாட்சா பட்டறையின் பின்பக்கம். தோல் ஊறி முடிந்த வேலம்பட்டையை அங்கேதான் கொட்டி வைப்பார்கள். ஆள் உயரத்துக்குக் கறுத்த குவியல். அதன் மேல் ஆறேழு நாய்கள் சுருண்டு படுத்திருந்தன. தாராவியில் அத்தனை நாயும் அன்றைக்கு நடுங்கிக்கொண்டு திரிந்தன. இந்த நாய்கள் மட்டும் காலை நீட்டிச் சுகமாகத் தூங்கின.

ஏன்?

குடத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள். கிட்டப் போனதும்தான் தெரிந்தது, குவியலிலிருந்து மெல்லிசாக ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. ஒரு நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. வடிவு பட்டைக்குள் கையை நுழைத்தாள். மணிக்கட்டு வரை வெதுவெதுப்பு. முழங்கை வரை விட்டபோது வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். சுட்டது.

"ஏம்மா! எங்கன கைய விடுத? பூரான் கிடக்கும்!" பட்டறைக் காவல்காரர் வானமாமலை கம்போடு வந்தார். நாங்குநேரிக் கிழவர், பட்டறை தொடங்கிய காலத்து ஆள்.

"அண்ணாச்சி, யாரு இதுக்குள்ள தீ வச்சது?"

"தீயா? ஒருத்தனும் வைக்கல. அது அப்பிடித்தான் கிடக்கும், எப்பவும். நீ யாரு வீட்டுப் பொண்ணு?"

"இட்லிக்காரர் வீடு. செல்லப்பாண்டின்னு."

கிழவர் கம்பை ஊன்றிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "செல்லப்பாண்டியா?" என்றார். பிறகு, "சுகமா இருக்கானா?" என்றார்.

ஊரெல்லாம் 'அவர்' என்று சொல்கிற இட்லிக்காரரை இவர் ஏன் 'இருக்கானா' என்கிறார் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் குழாயடியில் அவள் குடத்தை யாரோ நகர்த்தினார்கள். ஓடிவிட்டாள்.

சாயங்காலம் காசிம் வந்ததும் வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"காசிம், அந்தப் பட்டை ஏன் சுடுது?"

"எந்தப் பட்டை?"

"நாய் படுத்துக் கிடக்குல்லா, அந்தப் பட்டை."

"அதுவா? அது புளிக்குதுக்கா. ஈரப்பட்டையக் குவிச்சுப் போட்டா உள்ளுக்குள்ள புளிக்கும். புளிச்சா சூடு வரும்."

"மாவு மாதியா?"

"மாவு மாதிதான்."

சூடு இல்லாததால் அவள் மாவு புளிக்கவில்லை. அங்கே என்னவென்றால், ஒன்று தானாகப் புளித்துப் புளித்துச் சூட்டை வீணாக நாய்க்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. கரி வேண்டாம், எண்ணெய் வேண்டாம், புகை கிடையாது. அவள் அதே மூச்சில் கேட்டாள்: "கரீம் பாட்சா முதலாளி அதக் குடுப்பாரா?"

"குடுக்கதென்ன, அள்ளிட்டுப் போனா கும்பிடுவாரு."

திண்டாட்டம் வீட்டுக்குள்தான் வந்தது. விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன்பே செல்லப்பாண்டி எழுந்து நின்றுவிட்டான்.

"தோல் ஊறுன பட்டையா? இட்லி மாவுக்குப் பக்கத்துலயா? உனக்குப் புத்தி பிசகிட்டா?"

"வீட்டுக்குள்ள யாரு கொண்டாரச் சொன்னா? நம்ம வீட்டுக்கும் காசிம் வீட்டுக்கும் நடுவுல சந்து கிடக்குல்லா, அதுல போடுவோம். தகரத்துக்கு அந்தப் பக்கம் பட்டை, இந்தப் பக்கம் அண்டா. தகரம் சூட்ட வாங்கிக் குடுக்கும்."

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"வேண்டாம்னா வேண்டாம். நாளைக்கு எவனாவது பாத்துட்டு, இட்லிக்காரன் வீட்ல பட்டறைச் சரக்கு கிடக்குன்னு ஊருக்கு எழுதிப் போட்டா? அந்த வாடையே இந்த வீட்டுப் பக்கம் வரப்படாது."

"ஊர்ல இருக்கவனா வந்து நமக்கு உலை வைக்கப் போறான்? சனிக்கிழமைக்கு நீங்க ஒரு வழி சொல்லுங்க. நான் பட்டையத் தொடல."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். வடிவுக்கு அவன் மேல் கோபம் கோபமாக வந்தது. நாற்றம், நாற்றம் என்கிறானே, இவன் மூக்கு மட்டும் என்ன தங்கத்தில் செய்ததா? அதே பட்டறையில் வேலை பார்க்கிற காசிம் வீட்டு உப்பு ஓசி வாங்கினால் மட்டும் நாறவில்லையா?

மறுநாள் காசிமும் அவன் கூட்டாளிகளும் சாக்குச் சாக்காகப் பட்டையைச் சுமந்து வந்து சந்தில் கொட்டினார்கள். ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற அகலம் அந்தச் சந்து. மர்யமும் வடிவும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேலே ஏறி மிதித்தார்கள். எவ்வளவு இறுக்கினால் அவ்வளவு பட்டை கொள்ளும், எவ்வளவு பட்டை கொள்ளுமோ அவ்வளவு சூடு என்பது வடிவின் கணக்கு. நெஞ்சு உயரத்துக்கு வந்தது. பொழுது சாயும்போது தகரத்தில் கை வைத்துப் பார்த்தாள். குளித்துவிட்டு வந்த பிள்ளையின் முதுகைத் தொட்டதுபோல் இளஞ்சூடு. அண்டாவைத் தகரத்தோடு அணைத்து வைத்து, இப்போது அதே ஜமக்காளத்தைச் சுற்றினாள். இப்போதுதான் அதற்குப் பத்திரப்படுத்த ஒன்று இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது மாவு முக்கால் பங்கு பொங்கியிருந்தது. வடிவு மர்யமைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அன்றைய இட்லிக்கு அனந்தகிருஷ்ணன் ஒன்றும் சொல்லவில்லை; சொல்லாததே பெரிய விஷயம் என்றான் செல்லப்பாண்டி. சந்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் மாவரைத்து முடித்துவிட்டு வடிவு தகரத்தில் கை வைத்தாள். சில்லென்றது. வேறு இடத்தில் வைத்தாள். அங்கேயும் சில். சந்துக்கு ஓடிப்போய்ப் பட்டைக்குள் கையை நுழைக்கப் பார்த்தாள். இறுகிக் கிடந்தது, விரல் நுழையவில்லை. நகத்தால் பிராண்டினாள். உள்ளே உயிரே இல்லை.

அவளுக்கு அழுகை முட்டியது. விடிந்தால் சனிக்கிழமை. நேற்று இருந்த சூடு இன்றைக்கு எங்கே போயிற்று? இத்தனை நாளில் முதல் தடவையாகக் கேள்வி மட்டும் இருந்தது, கேட்க ஆளில்லை. காசிம் இரவு ஷிப்டுக்குப் போய்விட்டான். பட்டை மேலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எந்திரி."

செல்லப்பாண்டி சந்து முகப்பில் நின்றுகொண்டிருந்தான்.

"செத்துப் போச்சு" என்றாள்.

"சாவாம என்ன செய்யும்? கழுத்துல ஏறி மிதிச்சா எதுதான் சாவாது?" அவன் வேட்டியை மடித்துக் கட்டினான். "அதுக்கு மூச்சு விட எடம் வேணும். கடப்பாறைய எடு. ஒரு வாளித் தண்ணியும் கொண்டா."

அவள் கொண்டுவந்தாள். அவன் நல்ல காலை ஊன்றி, நொண்டிக்காலைப் பின்னால் நீட்டிக்கொண்டு, கடப்பாறையை ஓரத்தில் குத்தி நெம்பினான். கட்டி கட்டியாகப் பெயர்ந்த பட்டையை இரண்டு கையாலும் உதிர்த்தான். உதிர்த்ததை உள்ளங்கையில் வைத்து ஒரு தரம் பிழிந்து பார்த்தான், தண்ணீர் சொட்டவில்லை. கையால் அள்ளித் தெளித்தான், மறுபடி பிழிந்தான். விரலிடுக்கில் ஒரு சொட்டு நின்றதும் தலையை ஆட்டிக்கொண்டான். அடியில் கிடந்ததை மேலே போட்டான், மேலே கிடந்ததை அடியில் தள்ளினான். அந்தக் கைகளுக்கு யோசனையே தேவைப்படவில்லை. இட்லித் துணியை உதறுகிறபோது இருக்கிற வேகம் அதில் இருந்தது.

"வானமாமலை அண்ணாச்சிகிட்டப் போய் நான் கேட்டேன்னு சொல்லு. பெரிய குவியல்ல நடு வயித்துல இருக்க பட்டையா ரெண்டு சாக்கு வேணும்னு. சுடச்சுட. உறை ஊத்துத மாதிரி இதுக்கு நடுவுல வைக்கணும்."

அவள் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

"என்ன பாக்க?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவன் பட்டையை உதிர்த்துக்கொண்டே இருந்தான். இன்றைக்கும் எழுந்து போய்விடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். போகவில்லை.

"நீ கேப்பியே, எந்தக் கம்பெனி எந்தக் கம்பெனின்னு" என்றான். "இதான் அந்தக் கம்பெனி. கரீம் பாட்சா கம்பெனி. மூணு வருசம் சுண்ணாம்புக் குழியில எறங்கி நின்னேன். பட்டை மாத்துனேன். உங்க அப்பாகிட்டச் சொல்லியிருந்தா பொண்ணு குடுத்திருப்பாரா?"

வடிவு ஒரு கட்டியை எடுத்துத் தானும் உதிர்க்கத் தொடங்கினாள்.

"வந்த வருசம் தங்க எடம் கிடையாது. மழை விட்டு, குளிர் வந்துட்டு. போத்திக்க ஒரு துண்டு. அப்போ பட்டறைக் குவியல்லதான் படுத்துக் கிடந்தேன். மேல படுத்தா முதுகு பொசுக்கும்; ஓரத்துல தோண்டிக் காலை உள்ள விட்டுக்கணும். விடியக்காலம் வானமாமலை அண்ணாச்சி வந்து கம்பால தட்டி எழுப்புவாரு. 'எந்திரில, முதலாளி வாராரு'ன்னு." அவன் ஒரு பட்டைக் கட்டியை உள்ளங்கையில் நொறுக்கினான். "அந்த வாசல்ல போனா அவரு பேர் சொல்லிக் கூப்பிடுவாரு. நீ கூட வந்தா கேட்டுருவ. அதான் போறதில்ல."

பன்னிரண்டு வருஷமாக நாற்றம் என்று அவன் சொன்னதன் அர்த்தம் அவளுக்கு இப்போது விளங்கியது. அவன் மேல் வந்த கோபத்தையெல்லாம் நினைத்து வெட்கமாக இருந்தது. மனசு பொங்கிக்கொண்டு வந்தது. ஏதாவது ஆறுதலாகச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. ஆனால் அவள் வாயில் கேள்விதான் வந்தது.

"நாய் எடம் குடுத்துச்சா?"

செல்லப்பாண்டி நிமிர்ந்து பார்த்தான். இருட்டிக்கொண்டு வந்த வெளிச்சத்தில் அவன் சிரிப்பது தெரிந்தது.

"முதல் நாள் கடிக்க வந்துச்சு. பொறவு அதுவே நகந்து படுத்துக்கிட்டு."

அவள் சாக்கை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினாள். 'அவங்க கேட்டாங்க' என்று மட்டும் சொன்னாள். கிழவரே மண்வெட்டியை எடுத்துக் குவியலின் நடு வயிற்றைப் பிளந்து, ஆவி பறக்கிற பட்டையை இரண்டு சாக்கிலும் நிரப்பிக் கொடுத்தார். சுமந்து வருகிறபோது அவள் தோளும் முதுகும் சுட்டன. அந்தச் சூட்டில் ஒருத்தன் காலை விட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறான் என்பதை நினைத்துக்கொண்டே நடந்தாள்.

சூட்டுப் பட்டையை நடுவில் வைத்து, உதிர்த்த பட்டையைச் சுற்றிலும் பொலபொலவென்று பரப்பி, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினான் செல்லப்பாண்டி. மிதிக்கவில்லை. தட்டிக்கூட விடவில்லை. பிறகு குளித்துவிட்டு வந்து, தகரத்தில் வலது தோளைச் சாய்த்து, வலது முழங்காலை அதன் மேல் ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சாப்பாடு ஆகும் வரை நகரவில்லை.

"வலி எப்பிடி இருக்கு?"

"கேக்கியா? இப்போ கேக்காத. சுகமா இருக்கு."

விடியற்காலை மூடி சாய்ந்து கிடந்தது. வடிவு திறக்க வேண்டியிருக்கவில்லை. மாவு ஓரத்தில் வழிந்து ஜமக்காளத்தில் இறங்கியிருந்தது. அறை முழுக்க அந்தப் புளிப்பு வாசனை. அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு, விரலை விடாமல், அந்த நுரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

தட்டுத் தட்டாக அவித்தாள். இட்லி துணியை விட்டுத் தானாகக் கழன்றது. செல்லப்பாண்டி டின்களை அடுக்கிக்கொண்டு கிளம்பினான். அவன் சாக்கடைப் பக்கம் திரும்பி நொண்டிக்கொண்டு போவதை வாசலில் நின்று பார்த்தாள். பழக்கம்தானே, ஒரே நாளில் எங்கே போய்விடும் என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே வந்து மறுநாளைக்கு உளுந்தை ஊறப்போட்டாள். மர்யம் வந்து, "எங்க வீட்டுச் சுவரும் சுடுதுக்கா, புள்ளைக்கு ராத்திரி இருமலே இல்ல" என்று சொல்லிவிட்டு, சூடாக நாலு இட்லி வாங்கிக்கொண்டு போனாள். வெயில் ஏறியது. வடிவு வேலையில் கண்ணும் வாசலில் காதுமாக இருந்தாள்.

உச்சிப்பொழுது நெருங்கும்போது டின்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் கேட்டது. நிறைந்த டின் அப்படிச் சத்தம் போடாது. காலி டின்தான் அப்படிக் கலகலக்கும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து சாக்கடைப் பக்கம் பார்த்தாள். அங்கே யாருமில்லை.

சத்தம் வந்தது கரீம் பாட்சா பட்டறை வாசல் பக்கமிருந்து.

"ஏலே, யாரது? செல்லப்பாண்டியா?" வானமாமலையின் கிழட்டுக் குரல் சந்து முழுக்கக் கேட்டது. "இத்தன வருசம் எங்கல போயிருந்தே?"

"நாந்தான் அண்ணாச்சி" என்றான் அவன், அதைவிடச் சத்தமாக. "இட்லி வித்துட்டு வாரேன்."